சரித்திரக் காதல் படங்கள்: நாவலிலிருந்து திரைக்கு, தாம்பரம் வட்டார நோக்கில்

சரித்திரக் காதல் படம் என்பது கடந்துபோன ஒரு காலத்தைக் களமாகக் கொண்டு, வாசகர் மனத்தில் பல தலைமுறையாக நிலைத்துவிட்ட நாவல் ஒன்றைத் தழுவி எடுக்கப்படும் காதல் கதை. ஆங்கில உலகில் ஜேன் ஆஸ்டினின் நாவல்களும், வங்கத்தில் சரத்சந்திரரின் நாவல்களும் இவ்வகைப் படங்களுக்கு ஊற்றாக இருந்தன. தமிழில் அந்த இடம் முதன்மையாகக் கல்கி ரா. கிருஷ்ணமூர்த்திக்கு (1899–1954) உரியது. அவருடைய ‘பார்த்திபன் கனவு’ 1960-இலும், ‘பொன்னியின் செல்வன்’ 2022, 2023 ஆண்டுகளில் இரண்டு பாகங்களாகவும் திரைக்கு வந்தன. கொத்தமங்கலம் சுப்புவின் ‘தில்லானா மோகனாம்பாள்’ (1968), தி. ஜானகிராமனின் ‘மோகமுள்’ (1995) ஆகிய படங்களில் அரசர்கள் இல்லை. ஆனாலும் கடந்த காலத்து வாழ்வைக் காதலின் வழியே காட்டுவதால் அவையும் இவ்வகையில் சேர்கின்றன.

இந்தப் படங்களின் ஈர்ப்பைத் தென்சென்னைப் புறநகரிலிருந்து பார்ப்பதற்குக் காரணம் உண்டு. தாம்பரம், பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் நகராட்சிகளை ஒன்றிணைத்து 2021 நவம்பரில் அமைந்த தாம்பரம் மாநகராட்சிப் பகுதியும் அதைச் சுற்றிய ஊர்களும் இந்த நாவல்களின் களத்தோடு ஒட்டிக் கிடக்கின்றன. வாசகர்களும் இங்கே அடர்த்தியாக வாழ்கிறார்கள்.

நாவலின் நிலம்

பல்லாவரம் என்ற பெயர் பல்லவபுரம் என்பதிலிருந்து வந்தது. அங்குள்ள குன்றில் முதலாம் மகேந்திரவர்மன் குடைவித்த குகைக் கோயில் இருக்கிறது. அவனுடைய விருதுப் பெயர்கள் வரிசையாக அதில் பொறிக்கப்பட்டுள்ளன. பிற்காலத்தில் அது இசுலாமியர் வழிபடும் இடமாயிற்று. கல்கியின் ‘சிவகாமியின் சபத’த்தில் சிற்பிகளையும் நடனக் கலைஞர்களையும் ஆதரித்து, மாறுவேடத்தில் திரிந்து, போரிலும் கலையிலும் ஒருசேர மனம் வைக்கும் மகேந்திரர் இவரே.

தாம்பரத்துக்கு மேற்கே சிறிது தொலைவிலுள்ள மணிமங்கலம் இதைவிட முக்கியமான ஊர். பரியலம், மணிமங்கலம், சூரமாரம் ஆகிய இடங்களில் பல்லவ மன்னன் நரசிம்மவர்மன் சாளுக்கிய மன்னன் இரண்டாம் புலிகேசியை வென்றதைக் கூரம் செப்பேடு சொல்கிறது. 642-ஆம் ஆண்டையொட்டி வாதாபி வீழ்ந்ததில் முடிந்த அந்த நீண்ட பகையின் களங்களுள் ஒன்று இவ்வூர். நாவலிலும் மணிமங்கலப் போர் பெரிய திருப்பமாக வருகிறது. ஊரின் இராசகோபாலப் பெருமாள் கோயிலில் சோழர் கல்வெட்டுகள் பல உள்ளன. இன்று அங்கே வீட்டுமனைப் பலகைகளுக்கு நடுவே பேருந்து போகிறது. வெளியூர்க்காரருக்கு இது சாதாரணப் பேருந்து நிறுத்தம்தான். கல்கியைப் படித்தவருக்கோ அந்தப் பெயர்ப்பலகை ஒரு அத்தியாயத்தையே நினைவூட்டும்.

சரித்திரக் காதல் கதைக்குத் தமிழ்நாட்டில் உள்ள தனிப்பட்ட வலிமை இதில் இருக்கிறது. கதை நடந்த இடம் மாலைக்குள் போய்த் திரும்பும் தூரத்தில் இருக்கிறது. ஆஸ்டினின் வாசகர்கள் இங்கிலாந்தின் மாளிகைகளைத் தேடிப் போவதற்குப் படப்பிடிப்பும் சுற்றுலாத் துறையும் துணை செய்கின்றன. தாம்பரத்து வாசகர் மாமல்லபுரத்துக்குப் போவது பள்ளிச் சுற்றுலாவிலேயே தொடங்கிவிடுகிறது. தம் நண்பர் ரசிகமணி டி.கே.சி.யோடு மாமல்லபுரக் கடற்கரையில் அமர்ந்திருந்தபோது ‘சிவகாமியின் சபதம்’ மனத்தில் உருவானதாகக் கல்கியே எழுதியிருக்கிறார்.

பல்லாவரத்தில் ஒரு முன்னோடி

பழைய காலக் காதல் நாவலை இன்னொரு வடிவுக்குக் கொண்டுவரும் வேலை இந்த வட்டாரத்துக்குப் புதிதல்ல. 1898 முதல் 1911 வரை சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் தமிழாசிரியராக இருந்த மறைமலை அடிகள் (1876–1950), அந்த வேலையை விட்டபின் பல்லாவரத்தில் குடியேறினார். அதே 1911-இல் வெளிவந்த அவருடைய ‘குமுதவல்லி அல்லது நாகநாட்டரசி’, ஆங்கிலத்தில் ரெய்னால்ட்ஸ் எழுதிய காதல் நாவல் ஒன்றின் தழுவல். ரெய்னால்ட்ஸின் கதைகளை அக்காலத்தில் ஆரணி குப்புசாமி முதலியார் போன்றோரும் தமிழாக்கினார்கள். கொலை, மாறாட்டம், அரண்மனைச் சதி நிறைந்த அந்தக் கதைகளுக்குப் பெரிய வாசகர் கூட்டம் இருந்தது. அந்தச் சரக்கைத் தமக்கே உரிய நடையில் எழுதிப்பார்த்தார் அடிகள்.

பக்கத்துப் பம்மலைப் பூர்விகமாகக் கொண்ட பம்மல் சம்பந்த முதலியார் (1873–1964) நாடகத்தில் இதே வேலையைச் செய்தார். ஷேக்ஸ்பியரின் ஹாம்லெட்டை ‘அமலாதித்தன்’ என்று தமிழ் மேடைக்குக் கொண்டுவந்தார். அவருடைய ‘மனோகரா’ 1936-இலும் 1954-இலும் படமாயிற்று. நாடகம் என்பதால் அது இந்தக் கட்டுரையின் எல்லைக்கு வெளியே நிற்கிறது. ஆயினும் பிறமொழிக் கதையை நம் மன்னர் காலத்தில் பொருத்தித் தமிழாக்கிவிடலாம் என்ற துணிவைத் தந்தவர்களில் அவர் முதன்மையானவர்.

தொடர்கதையும் மின்ரயிலும்

தமிழ்ச் சரித்திர நாவல் வளர்ந்த இடம் வார இதழ். ‘கல்கி’ இதழில் ‘பார்த்திபன் கனவு’ 1940-களின் தொடக்கத்திலும், ‘சிவகாமியின் சபதம்’ 1944 முதல் 1946 வரையிலும் வந்தன. ‘பொன்னியின் செல்வன்’ 1950 அக்டோபரில் தொடங்கி 1954 வரை ஓடியது. ஒரு கதையோடு மூன்றரை ஆண்டுகள் வாரந்தோறும் வாழ்ந்த வாசகர்கள் அதைப் படித்தார்கள் என்று மட்டும் சொல்வது போதாது. குழந்தை பிறந்து, அது பேசத் தொடங்கும்வரை ஒரு வீட்டில் கதைநாயகன் வந்தியத்தேவன் தங்கியிருந்தான்.

கடற்கரை–தாம்பரம் பாதையில் 1931-லேயே மின்ரயில் ஓடத் தொடங்கியது. நகரத்தில் வேலை, புறநகரில் வீடு என்ற வாழ்க்கை அதனால் வளர்ந்தது. குரோம்பேட்டை, பல்லாவரம், தாம்பரம் வீடுகளில் இதழ்ப் பக்கங்களைக் கிழித்துச் சேர்த்து, பைண்டு செய்து, அலமாரியில் வைக்கும் பழக்கம் வந்தது. அந்தப் பைண்டு புத்தகங்களில் நடுநடுவே வரும் மணியத்தின் ஓவியங்களே பின்னால் வந்த எல்லாப் படங்களுக்கும் அளவுகோலாயின. குந்தவையின் கொண்டை எப்படி இருக்கும், நந்தினி எப்படித் திரும்பிப் பார்ப்பாள் என்பதெல்லாம் இயக்குநர் முடிவு செய்யும் முன்பே வாசகர் மனத்தில் முடிவாகிவிட்டிருந்தன. கல்கியின் எழுத்துகளை 1999-இல் தமிழக அரசு நாட்டுடைமையாக்கிய பிறகு மலிவுப் பதிப்புகள் பெருகின. பைண்டு புத்தகம் கிடைக்காத பேரப்பிள்ளைகளும் வாசகர்களானார்கள்.

இங்கே இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். தெற்கிலிருந்து வரும் ரயில்கள் பெரும்பாலும் நிற்கும் இடம் தாம்பரம். தஞ்சைப் பகுதியிலிருந்தும் தென்மாவட்டங்களிலிருந்தும் பிழைப்புத் தேடி வந்தவர்கள் பலர் அங்கேயே இறங்கி, அதைச் சுற்றியே மனை வாங்கினார்கள். இவர்களுக்குப் ‘பொன்னியின் செல்வன்’ சோழ வரலாறாக மட்டும் இருந்திருக்க முடியாது. வீராணம் ஏரி, குடந்தை, பழையாறை, நாகை, கோடிக்கரை என்று விற்றுவிட்டு வந்த நிலத்தின் பெயர்களை வரிசையாகச் சொல்லும் புத்தகம் அது. ஆடிப்பெருக்கில் தொடங்கும் அந்தக் கதையை, கிணற்று நீரும் லாரித் தண்ணீரும் நம்பி வாழ்ந்த ஒரு புறநகர் அத்தனை ஆசையோடு படித்ததில் வியப்பில்லை.

திரைக்கு வந்தவை

‘பார்த்திபன் கனவு’ 1960-இல் டி. யோகானந்த் இயக்கத்தில் வந்தது. விக்கிரமனாக ஜெமினி கணேசன், குந்தவியாக வைஜெயந்திமாலா, நரசிம்மவர்மராக எஸ்.வி. ரங்காராவ் நடித்தார்கள். ஜெமினி கணேசன் சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் படித்தவர். அக்கல்லூரி 1937-இல் நகரத்தை விட்டுத் தாம்பரத்துக்கு இடம்பெயர்ந்தது. பல்லவச் சக்கரவர்த்தியின் மகளும் அவரிடம் தோற்ற சோழ நாட்டின் இளவரசனும் காதலிப்பதுதான் கதை. பகை நாட்டாரின் காதல் என்ற அந்த முடிச்சைப் படம் நன்றாகப் பிடித்துக்கொண்டது. கதையில் மாறுவேடத்தில் வரும் சிவனடியார் யார் என்ற மர்மத்தைப் புத்தகம் காத்துவைத்ததைப் போலத் திரையால் காக்க முடியவில்லை. நடிகரின் முகம் தெரிந்தபின் மாறுவேடத்துக்கு என்ன வேலை? இது பிற்காலத் தழுவல்களுக்கும் நீங்காத சிக்கல்.

சரத்சந்திரர் 1917-இல் வெளியிட்ட ‘தேவதாஸ்’ 1953-இல் நாகேஸ்வர ராவும் சாவித்திரியும் நடிக்கத் தமிழிலும் தெலுங்கிலும் வந்தது. அகிலனின் ‘கயல்விழி’ நாவல் 1978-இல் ‘மதுரையை மீட்ட சுந்தரபாண்டிய’னாக வந்து எம்.ஜி.ஆரின் கடைசிப் படமாக அமைந்தது.

இவற்றுள் ‘தில்லானா மோகனாம்பாள்’ தனி உயரத்தில் நிற்கிறது. ஆனந்த விகடனில் கோபுலுவின் ஓவியங்களோடு வந்த தொடர்கதையை ஏ.பி. நாகராஜன் இயக்கினார். சிக்கல் சண்முகசுந்தரமாகச் சிவாஜி கணேசனும் மோகனாவாகப் பத்மினியும் நடித்தார்கள். நாதசுரத்தை எம்.பி.என். சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்கள் வாசித்தார்கள். இந்தப் படத்தில் காதலர்கள் தனிமையில் சந்திப்பது அரிது. எப்போதும் கூட்டம் சுற்றி நிற்கிறது: தவில்காரர், தாய், ஜமீன்தார், வைத்தி, ரயில் பெட்டி முழுக்க ஆட்கள். அவர்கள் பேச வேண்டியதை எல்லாம் ஊர் பார்க்க, நாதசுரத்தாலும் சலங்கையாலும் கண்ணாலும் பேசியாக வேண்டும். இன்று பார்க்கும் இளைஞரையும் அந்தப் படம் பிடித்து உட்காரவைப்பது இதனால்தான்.

‘மோகமுள்’ளை ஞான ராஜசேகரன் 1995-இல் எடுத்தார். இளையராஜா இசையமைத்தார். தன்னைவிடப் பத்து வயது மூத்த யமுனாவைப் பாபு நேசிக்கிறான். யமுனாவின் பிறப்பு, வறுமை, கும்பகோணத்தின் கண்கள் எல்லாம் அவர்களுக்குக் குறுக்கே நிற்கின்றன. அரண்மனையும் வாளும் இல்லாமலே கடந்த காலத்தைத் திரையில் எழுப்பலாம் என்பதற்கு இது சான்று.

ஈர்ப்பின் காரணம்

இந்தப் படங்களின் ஈர்ப்புக்குப் பலரும் முதலில் சொல்வது நகை, பட்டு, யானை, கோட்டை. அவை கண்ணுக்கு விருந்து என்பதில் ஐயமில்லை. ஆனால் அவை மட்டும் போதுமென்றால் ஒப்பனை மிகுந்த எல்லாப் புராணப் படங்களும் இதே அன்பைப் பெற்றிருக்க வேண்டும். உண்மையான காரணம் தடையின் கனத்தில் இருக்கிறது. நிகழ்காலக் காதல் படத்தில் நாயகனுக்கும் நாயகிக்கும் இடையே நிற்பது பல நேரம் ஒரு தவறான புரிதல். கைப்பேசியில் ஒரு அழைப்பு வந்தால் அது தீர்ந்துவிடும். சரித்திரக் கதையில் இடையே நிற்பது அரசுரிமை, சொத்து, குலம், கொடுத்த வாக்கு. இவை தீர்வதற்குள் ஆண்டுகள் போய்விடும், சில நேரம் தீராமலே போகும்.

அதனால் அந்தக் காலத்து மாந்தர் சொல்லும் ஒவ்வொரு சொல்லுக்கும் விலை இருக்கிறது. ‘பொன்னியின் செல்வ’னில் குந்தவை வந்தியத்தேவனிடம் ஓலை கொடுத்து அனுப்பும்போது, அவள் அவனை நம்புகிறாள் என்பதும் அவனை நேசிக்கத் தொடங்கிவிட்டாள் என்பதும் ஒரே செயலில் அடங்குகின்றன. அவளுக்கு அரசியலும் காதலும் இரண்டாகப் பிரிந்து கிடக்கவில்லை. கல்கி இந்தக் காதலைக் கட்டியதற்கு அடிப்படை, தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டில் இராசராசனின் தமக்கை குந்தவையை வல்லவரையர் வந்தியதேவரின் தேவி என்று குறிக்கும் செய்தி. அவ்வளவு சிறிய செய்தியிலிருந்து ஐந்து பாகம் கிளைத்தது.

பெண்களிடம் முடிவெடுக்கும் பொறுப்பு இருப்பதும் இவ்வகைக் கதைகளின் பலம். குந்தவை, நந்தினி, மோகனா, சிவகாமி, யமுனா என்று யாரை எடுத்தாலும் கதை அவர்களின் தீர்மானத்தில்தான் திரும்புகிறது. பெண் வாசகர்கள் இந்த நாவல்களை இத்தனை காலம் கைவிடாமல் காத்ததற்கு இது பெரிய காரணம் என்று உறுதியாகச் சொல்லலாம்.

ஆஸ்டின் காரைக்குடிக்கு வந்தபோது

ஆஸ்டின் 1811-இல் வெளியிட்ட முதல் நாவலை ராஜீவ் மேனன் 2000-இல் ‘கண்டுகொண்டேன் கண்டுகொண்டேன்’ என்று எடுத்தார். சுஜாதா உரையாடல் எழுதினார். ஏ.ஆர். ரகுமான் இசையமைத்தார். தபுவும் ஐஸ்வர்யா ராயும் சகோதரிகளாகவும், மம்மூட்டி, அஜித், அப்பாஸ் அவர்களை விரும்புவோராகவும் வந்தார்கள். காலம் நிகழ்காலமாக மாற்றப்பட்டதால் இது சரித்திரப் படமாகாது. ஆனால் தழுவல் என்ற வகையில் கூர்ந்து பார்க்கத்தக்கது.

மூலத்தில் தந்தை இறந்ததும் வீடு மகனுக்குப் போய்விட, தாயும் மூன்று மகள்களும் வெளியேறுகிறார்கள். படத்தில் தாத்தாவின் உயில் அந்த வேலையைச் செய்கிறது. செட்டிநாட்டு மாளிகையை விட்டுத் தாயும் மூன்று பெண்களும் சென்னைக்கு வந்து வாடகை வீட்டில் அடுப்பு மூட்டுகிறார்கள். மூத்தவள் வேலை தேடி அலைந்து, பின்னர் மென்பொருள் நிறுவனத்தில் உயர்கிறாள். மூல நாவலின் கர்னல் பிராண்டன் இலங்கைக்குப் போன அமைதிப்படையில் காலை இழந்த மேஜர் பாலாவாகிறார். சொத்தே காதலின் விதியை எழுதுகிறது என்ற ஆஸ்டினின் கண்டிப்பான பார்வை இதில் சிதையாமல் வந்திருக்கிறது. ஊர் வீட்டைப் பங்காளிக்கு விட்டுக்கொடுத்து, சிட்லபாக்கத்திலோ சேலையூரிலோ இரண்டு அறை வீட்டில் வாழ்க்கையை மறுபடி தொடங்கிய குடும்பங்களுக்கு இதில் விளக்கம் தேவைப்படவில்லை.

ஆஸ்டினின் அலை இதற்குச் சற்று முன்னரே இங்கிலாந்தில் எழுந்திருந்தது. பிபிசி 1995-இல் ‘பிரைட் அண்ட் ப்ரெஜுடிஸ்’ நாவலை ஆறு பகுதிகளாக ஒளிபரப்பியது. 2005-இல் ஜோ ரைட் அதையே திரைப்படமாக்கினார். 2022-இல் வந்த ‘பிரிட்ஜர்டன்’ இரண்டாம் பருவத்தில் தமிழ் வேர் கொண்ட சிமோன் ஆஷ்லியும் சரித்ரா சந்திரனும் முன்னணியில் நடித்தார்கள். அது அண்மைக்கால நாவலைத் தழுவியது, செவ்வியல் படைப்பு அல்ல. ஆனாலும் இலண்டன் நடனக்கூடத்தில் ஒரு பெண் தன் தந்தையை அப்பா என்று குறிப்பிடுவதைக் கேட்டபோது இங்குள்ள இளம் பார்வையாளர்களுக்கு அந்தத் தொலைவு குறைந்தது.

பொன்னியின் செல்வன், 2022–2023

இந்த நாவலைப் படமாக்கும் ஆசை பழையது. எம்.ஜி.ஆர் 1950-களின் இறுதியிலேயே உரிமை வாங்கினார், படம் நிறைவேறவில்லை. மேடையில் மேஜிக் லேன்டர்ன் குழு 1999-இல் சென்னையில் இதை நாடகமாக்கியது. அந்த நாடக வடிவை எழுதிய குமரவேல், பிறகு மணிரத்னத்தோடும் ஜெயமோகனோடும் சேர்ந்து திரைக்கதையில் பணியாற்றினார். முதல் பாகம் 2022 செப்டம்பர் 30 அன்றும், இரண்டாம் பாகம் 2023 ஏப்ரல் 28 அன்றும் வெளியாயின. விக்ரம், ஐஸ்வர்யா ராய், ஜெயம் ரவி, கார்த்தி, த்ரிஷா நடித்தார்கள். ஒளிப்பதிவு ரவி வர்மன், கலை தோட்டா தரணி, இசை ஏ.ஆர். ரகுமான். முதல் பாகம் சிறந்த தமிழ்ப் படம், ஒளிப்பதிவு, பின்னணி இசை, ஒலி வடிவமைப்பு ஆகியவற்றுக்கான தேசிய விருதுகளைப் பெற்றது.

குரோம்பேட்டை வெற்றி திரையரங்கு, தாம்பரத்தின் திரையரங்குகள், வேளச்சேரி மால் என்று புறநகர் முழுவதும் அந்த நாள்களில் குடும்பம் குடும்பமாகக் கூட்டம் வந்தது. பல ஆண்டுகளாகத் திரையரங்குப் பக்கமே வராத முதியவர்களைப் பேரப்பிள்ளைகள் கைபிடித்து அழைத்து வந்தார்கள். இடைவேளையில் நடந்த பேச்சில் நாவலைப் படித்தவர்கள் ஆசிரியர்களாயினர். படிக்காதவர்கள் யார் யாருக்கு என்ன உறவு என்று கேட்டுத் தெரிந்துகொண்டார்கள்.

இரண்டாயிரம் பக்கத்துக்கு மேற்பட்ட கதையை ஐந்தரை மணி நேரத்தில் சொல்வதற்குப் படம் கொடுத்த விலை பெரியது. வந்தியத்தேவனை மனத்துக்குள் வரித்துக்கொண்ட மணிமேகலை படத்தில் இல்லை. நாவலை முடித்துவிட்டுக் கண்ணீரோடு புத்தகத்தை மூடியவர்கள் அவளுக்காகத்தான் அழுதார்கள். சேந்தன் அமுதனின் பிறப்பு மர்மமும், அதையொட்டி அரியணை கைமாறும் முறையும் எளிதாக்கப்பட்டன. ஈடாகப் படம் ஒன்றைக் கொடுத்தது: சோழ இளவரசன் ஆதித்த கரிகாலன், நந்தினி இருவரின் இளமைக் காதலை நடுவில் வைத்துக் கதை முழுவதையும் அதன் மேல் நிறுத்தியது. கடம்பூர் மாளிகையில் இருவரும் நேருக்கு நேர் நிற்கும் காட்சி, பல பக்க உரையாடல் செய்யும் வேலையை இரண்டு முகங்களால் செய்கிறது. நந்தினியின் முடிவை மாற்றி அவளை நீரில் மறையவிட்டதைப் பழைய வாசகர் பலர் ஏற்கவில்லை. காதல் கதையாக மட்டும் எடை போட்டால், படத்தின் அந்தத் தேர்வு சரியானது என்றே சொல்ல வேண்டும். கரிகாலன் கொலையில் தொடர்புடையோரின் சொத்துகளைப் பறிமுதல் செய்ததைச் சொல்லும் உடையார்குடிக் கல்வெட்டு காதலைப் பற்றி எதுவும் சொல்வதில்லை. அந்த இடைவெளியைக் கல்கி ஒரு விதமாக நிரப்பினார், மணிரத்னம் வேறு விதமாக நிரப்பினார்.

திரைக்கு வராதவை

குமுதத்தில் தொடராக வந்து பெரும் வாசகர் கூட்டத்தைச் சேர்த்த சாண்டில்யனின் ‘யவன ராணி’, ‘கடல் புறா’ போன்ற நாவல்கள் இன்றும் நூலகங்களில் கைமாறிக்கொண்டே இருக்கின்றன. கடற்போரும் கப்பல்களும் கேட்கும் செலவு அவற்றுக்குத் தடை.

‘சிவகாமியின் சபத’த்துக்குத் தடை செலவு மட்டுமன்று. ஆயனச் சிற்பியின் மகள் சிவகாமி வாதாபியில் சிறைப்படுகிறாள். நரசிம்மவர்மனாகிய மாமல்லர் அந்நகரை எரித்துத் தன்னை மீட்டுச் செல்லும்வரை அங்கிருந்து வரமாட்டேன் என்று சபதம் செய்கிறாள். ஒன்பது ஆண்டுகள் கழித்துச் சபதம் நிறைவேறுகிறது. காஞ்சிக்குத் திரும்பும்போது மாமல்லருக்குப் பாண்டிய இளவரசியோடு திருமணமாகிக் குழந்தைகளும் இருக்கின்றன. சிவகாமி தன் கலையை ஏகாம்பரநாதருக்கு அர்ப்பணித்துவிடுகிறாள். நாயகன் நாயகியைச் சேர்த்துவைக்க முடியாத இந்தக் கதையை மகிழ்ச்சியான முடிவுக்குத் திருப்பினால் நாவலே இல்லாமல் போகும். எடுக்கத் துணிபவருக்கு முதலில் வேண்டியது, வசனமில்லாமல் அபிநயத்தாலேயே ஒன்பது ஆண்டுகளைக் காட்டத் தெரிந்த, நன்றாகப் பரதம் பயின்ற ஒரு நடிகை. போர்க்களமும் வாதாபிக் கோட்டையும் கணினி வரைகலையில் வந்துவிடும். மணிமங்கலத்து நிலமோ, வயலும் ஏரியும் மிச்சமிருக்கும் வரை, நேரிலேயே படம்பிடிக்கக் கிடைக்கும்.